ஆடிக் காற்றும் உழவு மண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை தென்மாவட்டங்களில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, ஓயாது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களுக்கு நேர் எதிரே இருக்கும் காடுகளுக்கு, அதாவது புஞ்சை நிலங்களுக்கு, இது மழை தராத காற்று. மழை பெரும்பாலும் ஐப்பசிக்குத்தான். நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலமும் காற்று கடுமையாக வீசும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மேல்மண் பறப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டி மூன்று ஏக்கர் செம்மணல் காடு இருக்கிறது. ஆனியில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) விட்டு இரண்டு ஓட்டு ஓட்டி வைத்தேன். பத்து நாளில் மேல்மண் கிழக்கு வேலியில் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் உழவே இல்லை, அவர் மண் அசையவில்லை. காற்று இருவருக்கும் ஒன்றுதானே?
– சாத்தான்குளம் வாசகர்

பதில்: காற்று ஒன்றுதான். அது தொட்ட மண்தான் வேறு.

மண் பறக்கிறது என்றால் தூசு எழும்புவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். தூசு கண்ணில் படுகிறது, ஆனால் வேலையைச் செய்வது மணல். 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை உள்ள மணல் காற்றில் மிதப்பதில்லை, துள்ளித் துள்ளிப் போகிறது. அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள்தான். துள்ளி விழும் ஒவ்வொரு மணலும் விழுந்த இடத்தில் இன்னும் சில மணலைக் கிளப்பிவிடுகிறது, அடியில் ஒட்டியிருந்த நுண்மண்ணையும் இடித்து எழுப்புகிறது. நீங்கள் பார்க்கும் தூசு அப்படிப் பிறந்தது. நகரும் மண்ணில் பாதிக்கு மேல் இந்தத் துள்ளல் வழியாகத்தான் போகிறது. அதைவிடப் பருத்த மணல் தரையோடு உருளும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டியைப் பொதுவாகக் காற்றால் தூக்க முடியாது.

நன்றாகக் காய்ந்த உதிரி மணல் கிளம்ப, ஓரடி உயரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் போதும். கிளம்பிய பிறகு கணக்கு வேறு மாதிரி ஏறும். போகும் மண்ணின் அளவு காற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. காற்று 30-லிருந்து 40 கிலோமீட்டர் ஆனால் மண் இழப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மேற்கு ஓரத்தில் சிறிதாகத் தொடங்குவது கிழக்கே போகப் போகப் பெருகும். கிழக்கு வேலியில் முழங்கால் உயரம் ஏறியது இதனால்தான்.

பக்கத்துக் காட்டில் என்ன இருந்தது? பழைய களைகளின் காய்ந்த தூர், அறுபடாத வேர், போன மழை விட்டுப்போன மெல்லிய மேலோடு. இந்த மூன்றும் பார்க்க ஒன்றுமில்லாதவை போலத் தெரியும். ரோட்டவேட்டர் அந்த மூன்றையும் ஒரே ஓட்டில் இல்லாமல் ஆக்கியது, இரண்டாவது ஓட்டு மிச்சம் இருந்த சிறு கட்டிகளையும் பொடித்தது. உங்கள் மண்ணில் களி மிகக் குறைவு. எந்தக் கலப்பையைப் போட்டாலும் நிற்கிற கட்டி அதில் வராது. செவலுக்கும் (செம்மண்) கரிசலுக்கும் (கரிய களிமண்) சொல்லும் "கட்டி எழுப்பு" என்ற வைத்தியம் தேரிக்குச் செல்லாது. தேரி மண்ணைக் காப்பது மூடாக்கு மட்டும்தான்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது: ஐப்பசி மழை வரை எந்தக் கலப்பையும் இறக்காதீர்கள். மேடுபள்ளத்தைச் சமன் செய்யவும் வேண்டாம். பனை ஓலைக்கு உங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. வடக்கு தெற்காக 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சால் எடுத்து, 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய மட்டையோடு கூடிய ஓலையைச் செருகி மண் அணையுங்கள். தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். ஓலைக்கு ஓலை நெருக்கி அடைக்காதீர்கள். பாதி அடைப்பு, பாதி இடைவெளி. காற்று ஊடே புகுந்து வேகம் குறைந்தால்தான் மணல் அங்கேயே விழும். வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், அதாவது உயரத்தைப் போல் பத்து மடங்கு. மேற்கு ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கிழக்கே தொடங்கினால் மேற்கிலிருந்து வரும் மணல் ஒரே வாரத்தில் வரிசையை மூடிவிடும். மூன்று ஏக்கருக்கும் ஓலை கிடைக்காவிட்டால் மேற்குப் பாதியை மட்டுமாவது முடியுங்கள்.

இது சின்ன ஊர் வித்தை அல்ல. ராஜஸ்தான் மணல்மேடுகளில் ஜோத்பூர் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் முட்செடி, புல் கொண்டு செய்ததும், சீனாவின் ஷாபோடோவில் ரயில் பாதையைக் காக்க வைக்கோலை ஒரு மீட்டர் கட்டம் கட்டமாக நட்டதும் இதே முறைதான்.

அடுத்த ஐப்பசியில் பயிரோடு கொழுஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள், ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ. தோல் கடினமான விதை. பருமணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்துப் போட்டால்தான் ஒரே சீராக முளைக்கும். முதல் இரண்டு மாதம் மெல்ல வளரும், பிறகு வறட்சியையும் தாங்கி நிற்கும். ஆடு அதை விரும்பித் தின்னாது என்பது நமக்கு நல்லது. ஆனியில் நிலத்தில் பச்சையாக நிற்கும் செடி அதுவாகத்தான் இருக்கும்.

வேலியில் சேர்ந்த மண்ணை அள்ளி மறுபடி பரப்பலாமா என்று யோசிப்பீர்கள். பரப்பலாம், ஆனால் காற்று நின்ற பிறகு, தொழுவுரம் கலந்து. அங்கே கிடப்பது பெரும்பாலும் வெறும் மணல். சத்தைப் பிடித்து வைத்திருந்த நுண்மண்ணும் மக்கிய பொருளும் தூசாகி எப்போதோ ஊர் தாண்டிவிட்டன.

கேள்வி: தெளிப்பு நீர்க் குழாய் இருக்கிறது. காற்று காலத்தில் தினம் கொஞ்சம் நனைத்துவிட்டால் மண் பறக்காதா?
– திசையன்விளை வாசகர்

பதில்: நனைந்த மண் பறக்காது என்பது உண்மை. மணலுக்கு மணல் நடுவே நிற்கும் நீர்ப்படலம் இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. அதற்கு நிறைய ஈரமும் வேண்டாம். செடி உறிஞ்ச முடியாமல் வாடிவிடும் அளவு ஈரமே மண்ணைப் பிடித்து வைக்கப் போதும். மணலில் அது கிலோவுக்கு 20, 30 கிராம் தண்ணீர்தான். கரிசலில் 150 கிராமுக்கு மேல் வேண்டும்.

ஆனால் காற்று தொடுவது மேலே உள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும். ஆடி வெயிலும் காற்றும் சேர்ந்தால் அந்தத் தோல் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரு விரல் ஆழத்தில் தோண்டினால் ஈரம் இருக்கும், மேலே மணல் ஓடிக்கொண்டிருக்கும். 5 மில்லிமீட்டர் நனைக்க ஏக்கருக்கு 20,000 லிட்டர் போகிறது. காலையில் கொடுத்தது மாலைக்குத் தாங்காது. மணல் காட்டில் இன்னொரு கேடும் உண்டு. தெளிப்பானின் துளி மேல்கட்டியைக் கரைத்து, கழுவிய மணலை மேலே பரப்பி வைக்கும். மறுநாள் காற்றுக்கு முதலில் போவது அந்த மணல்தான்.

நாற்று நட்ட முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும், காற்று எழுவதற்கு முன் காலையில் கொடுங்கள். வெறும் நிலத்தைக் காக்கத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம். அதே தண்ணீரில் மேற்கு ஓரத்தில் நான்கு வரிசை கம்பு வளர்த்தால் பலன் அதிகம்.

கேள்வி: செவல் காடு, மானாவாரி. கோடை உழவு போட்டால் மழைநீர் இறங்கும் என்கிறார்கள், போட்டால் மண் பறக்கும் என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது? எந்தக் கலப்பை?
– வள்ளியூர் வாசகர்

பதில்: இரண்டும் சரி. உழவு போடும் நாள்தான் வித்தியாசத்தைச் செய்கிறது. பதத்தில் உழுதால் கட்டி கிடைக்கும், காய்ந்த பின் உழுதால் புழுதி கிடைக்கும். கலப்பை ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் நடக்கும்.

சித்திரையில் ஓரிரு கோடை மழை வருகிறது. அதுதான் உங்கள் வாய்ப்பு. மழை விட்டு இரண்டு, மூன்று நாளில் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். மூன்று, நான்கு துண்டாக உடைந்தால் பதம் சரி. அப்பளமாக அமுங்கினால் ஈரம் கூடுதல், இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் உழுதால் டிராக்டர் சக்கரம் அடியில் இறுக்கிவிடும், வெட்டிய பாளம் செங்கல் போலக் காயும். உருண்டையே பிடிபடவில்லை என்றால் உழாதீர்கள். அந்த ஆண்டு கோடை உழவு இல்லை என்று விட்டுவிடுவதே நல்லது. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனால் செவல் காடுகள் மணல் காடாகிப்போனது பதம் தப்பிய உழவில்தான்.

கலப்பை என்றால் ஐந்து கொத்து அல்லது உளிக் கலப்பை, 15 சென்டிமீட்டர் ஆழம், ஒரே ஓட்டு. இறக்கைக் கலப்பை மண்ணைப் புரட்டித் தாளை (அறுத்த பயிரின் அடிக்கட்டையை) முழுக்கப் புதைத்துவிடும். சட்டிக் கலப்பை பாதித் தாளையாவது தின்றுவிடும். கொத்துக் கலப்பை பாதிக்கு மேல் மேலேயே விட்டுவைக்கும். ரோட்டவேட்டர்தான் கிடைக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஓட்டுநரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பின்மூடியை முழுக்கத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், சுழலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், வண்டி வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொரு கத்தியும் பெரிய துண்டாக வெட்டும். மாவு மாதிரி அரைத்துக் கொடுத்தால்தான் நல்ல உழவு என்ற எண்ணம் ஓட்டுநர்களிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. விதைப்புக்கு முன் அது சரியாகலாம். காற்றுக்கு முன் அது கேடு.

உழவுச் சால் காற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். மேல்காற்று என்றால் வடக்கு தெற்காக. உங்கள் நிலத்தில் காற்று சரியாக எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஒரு கம்பில் துணிக்கீற்று கட்டி நாலு நாள் பாருங்கள். குன்று, கணவாய் அருகில் திசை மாறும். சரிவு வேறு பக்கம் இழுத்தால் சரிவுக்கே முதலிடம் கொடுங்கள், ஐப்பசி மழை காற்றைவிட வேகமாக மண்ணைக் கொண்டுபோகும்.

பாரின் (சாலுக்குச் சால் நடுவே எழும் மண் வரப்பின்) உயரம் 5 முதல் 10 சென்டிமீட்டர், இடைவெளி அதைப்போல் நான்கு மடங்கு. இன்னும் உயர்த்தினால் நல்லது என்று தோன்றும். அப்படியல்ல. உயர்ந்த பாரின் உச்சியில் காற்று வேகம் கூடி முனையை அரித்துவிடும்.

கட்டி எழும்பிய பிறகு ஆவணி வரை தொடக் கூடாது. பலகை அடிப்பது, களைக்காக இன்னொரு ஓட்டு ஓட்டுவது எதுவும் வேண்டாம். ஆனி, ஆடியில் பெருமழை இல்லாததால் அந்தக் கட்டி கரையாமல் நிற்கும். களை கூடிவிட்டால் தட்டைக் கத்தி உள்ள பலுகை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓட்டி வேரை மட்டும் அறுங்கள், களை நின்ற இடத்திலேயே காயட்டும்.

சோளம், கம்பு அறுக்கும்போது தரையோடு ஒட்ட அறுக்காதீர்கள். ஓரடித் தாளை நிறுத்திவையுங்கள். படுத்துக் கிடக்கும் தட்டையைவிட நிற்கும் தாள் காற்றை அதிகம் தடுக்கும். தட்டையை மாட்டுக்கு எடுக்கத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்க முடியாது. அடியில் ஓரடியை மட்டும் நிலத்துக்கு விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு மூடாக்கு இருந்தால் போதும்? கண்மதிப்பில் தெரிவதில்லை.
– ராதாபுரம் வாசகர்

பதில்: தரையில் 20 சதவீதம் மூடினாலே மண் இழப்பு பாதிக்கு மேல் குறையும். 50 சதவீதம் மூடினால் 90-க்கு மேல் குறையும். அளக்க, 10 மீட்டர் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாக 100 முடிச்சு போடுங்கள். சாலுக்குக் கோணலாகக் கயிற்றை விரித்து, நேர் மேலே நின்று பார்த்து, எத்தனை முடிச்சுக்கு அடியில் தட்டையோ இலையோ கிடக்கிறது என்று எண்ணுங்கள். அதுவே சதவீதம். நிலத்தில் நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் எப்போதும் கூடுதலாகத் தெரியும்.

கேள்வி: எங்களுடையது கரிசல். களி மண் எப்படிப் பறக்கும்? ஆனாலும் ஆடியில் கருந்தூசு எழுகிறதே!
– விளாத்திகுளம் வாசகர்

பதில்: கரிசல் ஈரத்தில் பசை, காய்ந்தால் பாறை, ஆனால் நனைந்து நனைந்து காயும்போது அதன் மேல்தோல் தானாகவே உதிர்ந்து குருணை குருணையாகிவிடும். வெடிப்பு விட்ட கரிசலின் மேலே காலால் தள்ளிப் பாருங்கள், ரவை மாதிரி ஓடும். அந்தக் குருணை மணல் பருமனில் இருக்கிறது, மணலைவிட எடை குறைவு. களியாக இருந்தும் மணலைப் போல் துள்ளுவது அதனால்தான்.

இதற்கு வெடிப்பை மூட உழ வேண்டும் என்று சிலர் ஆனியில் இறங்குகிறார்கள். வேண்டாம். பருத்திமார், சோளத் தாள் நிற்கட்டும். கோடை மழைப் பதத்தில் (கரிசலுக்கு ஐந்தாறு நாள் ஆகும்) உழுதிருந்தால் பெருங்கட்டி கிடக்கும், அது போதும். விதைப்புக்குப் புரட்டாசியில் மண்ணை நயப்படுத்திக்கொள்ளலாம், அப்போது காற்றின் வேகம் தணிந்திருக்கும்.

கேள்வி: தக்காளி நாற்று நட்டு எட்டு நாள். இரண்டு நாள் காற்றில் இலை ஓரம் கருகி, தண்டு ஒரு பக்கம் மட்டும் சிராய்த்தது போல் இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?
– பல்லடம் வாசகர்

பதில்: மருந்து வேண்டாம். அது நோய் அல்ல, மணல் அடித்த காயம். மேற்குப் பக்கத் தண்டில் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தோல் வெளுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இலைக் கருகல் தண்ணீர் இழந்ததால் வந்தது.

உடனே செய்யக்கூடியது இதுதான். ஒன்பது கொத்துக் கலப்பையில் முதல், ஐந்தாவது, ஒன்பதாவது கொத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றுங்கள். கொத்துக்குக் கொத்து கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் வரும். நடாத பக்கத்து நிலம் மேற்கே இருந்தால் மண் அங்கிருந்துதான் வருகிறது. அதன் மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கி, காற்றுக்குக் குறுக்கே, 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். அடியில் ஈரம் இருந்தால் கட்டி மேலே வரும். கட்டி வரவில்லை என்றால் கொஞ்சம் ஆழம் கூட்டிப் பாருங்கள். அப்போதும் பொடியே வந்தால் அத்துடன் நிறுத்துங்கள், மேலும் ஓட்டினால் நீங்களே காற்றுக்கு மண் எடுத்துக் கொடுப்பதாகும். முதல் முறை ஒன்றுவிட்டு ஒன்று பட்டைகளாக நிலத்தில் பாதியை மட்டும் உழுங்கள். முதல் பாதிக் கட்டி பத்து நாளில் தேய்ந்துவிட்டால் மறுபாதி கைவசம் இருக்கும்.

நட்ட நிலத்துக்குள் பார்களின் நடுவே வைக்கோல் அல்லது நிலக்கடலைக் கொடி பரப்புங்கள். சும்மா பரப்பினால் பறந்துவிடும், மண்வெட்டி முனையால் அரையடிக்கு ஒரு குத்து குத்தி மண்ணுக்குள் பாதியை இறக்குங்கள்.

அடுத்த ஆண்டு, நடவுக்கு ஒரு மாதம் முன்பே 12 மீட்டருக்கு இரண்டு வரிசை கம்போ சோளமோ வடக்கு தெற்காகப் போட்டுவிடுங்கள். நாலடிப் பயிர் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும்.

கேள்வி: மேற்கே கல் சுவர் எழுப்பலாமா?
– தென்காசி வாசகர்

பதில்: வேண்டாம். அடைத்த சுவரைத் தாண்டிய காற்று சுழன்று பின்னால் தரையிலேயே மோதும். பாதி காற்றை உள்ளே விடும் மரவரிசையே மேல். சவுக்கு இரண்டு வரிசை, அடியில் கிளை உள்ளபடி. கீழ்க்கிளையைக் கழித்தால் அடியில் காற்று பீறிடும். வரிசை நடுவில் வண்டிப் பாதைக்கு விடும் திறப்பைக் காற்றுக்கு நேராக விடாமல் சாய்வாக விடுங்கள்.

கேள்வி: குளத்துக் கரம்பை (குளத்து வண்டல் மண்) அடித்தால் தேரி மண் கட்டுப்படுமா? எவ்வளவு அடிக்க வேண்டும்?
– உடன்குடி வாசகர்

பதில்: கட்டுப்படும், ஆனால் ஒரே ஆண்டில் இல்லை. ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை சுமார் 900 டன். நூற்றுக்கு 40 பங்கு களி உள்ள கரம்பையை 40 டன் அடித்தாலும் களி கூடுவது இரண்டு சதவீதத்துக்கும் கீழேதான். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து அடிக்கும் திட்டத்தோடு தொடங்குங்கள்.

குளம் வற்றுவது காற்று காலத்தில். முறையாக அனுமதி வாங்கி அடித்த கரம்பையை அப்போதே உடைத்துப் பரப்பிவிடாதீர்கள். கட்டி கட்டியாக, மேற்கு ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே கலைவாகவும் கிடக்கட்டும். அந்தக் கட்டிகளே காற்றைத் தடுக்கும். ஐப்பசி முதல் மழையில் தானாக இளகும், அப்போது மேலோட்டமாக உழுது கலந்துவிடுங்கள்.

400 கிலோ உருளையால் மணலை இறுக்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது தண்ணீரும் உரமும் அடியில் ஓடுவதைக் குறைக்கும் முறை. காற்றுக்கு அது மருந்தல்ல. வழுவழுப்பான தரையில் மணல் இன்னும் எளிதாக ஓடும். உருட்டுவதாக இருந்தால் மழைக்காலத் தொடக்கத்தில் உருட்டுங்கள்.

கேள்வி: ஆட்டுக் கிடை போடுவது மண்ணுக்கு நல்லதா, கெட்டதா?
– எட்டையபுரம் வாசகர்

பதில்: வைகாசி பாதிக்குள் முடித்துவிட்டால் நல்லது. ஆனி, ஆடியில் கிடை போட்டால் குளம்பு மேல்கட்டியைப் பொடியாக்கும், மிஞ்சிய தாளும் தீனியாகிவிடும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் மண் எவ்வளவு போகிறது, எவ்வளவு பறக்கக்கூடியது என்று கருவி இல்லாமல் அளக்க முடியுமா?
– வல்லநாடு வேளாண் மாணவி

பதில்: முடியும். பறக்கக்கூடிய பங்கை அறிய, மேலிருந்து ஓரங்குல ஆழத்துக்குத் தட்டையான மண்வெட்டியால் அலுங்காமல் ஒரு கிலோ மண் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில், கட்டி உடையாதபடி மெதுவாகச் சலியுங்கள். மேலே 600 கிராமுக்கு மேல் நின்றால் பயம் குறைவு. 400-க்குக் கீழே என்றால் காற்றுக்கு முன் ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 0.84 மில்லிமீட்டர் சல்லடை வைத்திருப்பார்கள், எண் சிறிதுதான் மாறும்.

போன மண்ணை அளக்க, பழைய சைக்கிள் போக்ஸ் கம்பிகள் பத்து எடுத்து, தரைக்கு மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நிற்கும்படி அடித்து இறக்குங்கள். ஐந்து மேற்குப் பாதியில், ஐந்து கிழக்குப் பாதியில். சுற்றிக் காலடி படக் கூடாது. வாரம் ஒருமுறை மெல்லிய அளவுகோலால் வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதுங்கள். கம்பியின் அடியிலேயே காற்று சிறு குழி பறிக்கும், அதை விட்டு ஒரு சாண் தள்ளிய தரையோடு மட்டக்கோல் வைத்து அளந்தால் தவறு வராது. நிலம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் ஏக்கருக்கு நான்கு கன மீட்டர், ஏறத்தாழ ஆறு டன் மண் போயிருக்கிறது. மேற்கே கம்பி நீண்டு கிழக்கே குறைந்தால் மண் உங்கள் நிலத்துக்குள்ளேயே நகர்ந்திருக்கிறது. எல்லாக் கம்பியும் நீண்டால் வேலி தாண்டிப் போய்விட்டது.